ரம்மி தேடிக்கொண்ட மடி

கிளிஃபர்ட் இறந்த பிறகு அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் யூனிஸும் ரம்மியும்தான். இருவருக்கும் ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காது.

ரம்மி கிளிஃபர்டின் நாய். தொம்மலூரில் அவர் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸுக்கு வெளியே, மழையில் நின்றிருந்த லாரிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். சாதாரணத் தெருநாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். சீட்டாட்டத்தில் பைத்தியமான மனிதர், அதனால் ரம்மி என்று பெயர் வைத்தார்.

"சலூன் நடக்கற வீட்ல நாயா? கஸ்டமர் புடவைல முடி ஒட்டிச்சின்னா யார் பதில் சொல்றது?" என்று யூனிஸ் அன்றைக்கே கேட்டாள்.

"அவன் உன் பக்கம் வரமாட்டான், விடு" என்றார் கிளிஃபர்ட்.

சொன்னபடியே ஆயிற்று. ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் போகும் சந்தில் அவர்கள் வீடு. முன்பக்க அறைகளை ஒன்றாக்கி யூனிஸ் பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டி ரம்மியின் மூக்கு நீண்டால் துடைப்பம் பறக்கும். கொஞ்ச நாளில் துடைப்பமே தேவைப்படவில்லை. அவள் குரல் கேட்டாலே நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும். அது கிளிஃபர்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கியது, கிளிஃபர்டின் தட்டிலிருந்து தின்றது. அவர் குளிப்பாட்டும்போது பாடும் அரைகுறை ஞானப்பாட்டுகளுக்கு வாலாட்டியது. குழந்தை இல்லாத வீட்டில் மனைவியிடம் பேசியதைவிட நாயிடம்தான் அவர் அதிகம் பேசினார் என்று யூனிஸுக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோதே கிளிஃபர்ட் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்தது, உறவுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். சாயங்காலம் ஸ்கூட்டர் வரும் நேரத்துக்கு ரம்மி மட்டும் கேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த நாளும் படுத்தது. ஸ்கூட்டரை விற்ற பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

நடுக்கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தாள் யூனிஸ். "வா. இனிமே வரலாம். யாரும் அடிக்கமாட்டாங்க."

ரம்மி வாசற்படி வரை வந்தது. சலூனின் ஷாம்பூ வாசனையை மோந்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

சலூனில் பகல் பொழுது எப்படியோ கழிந்துவிடும். புருவம் திருத்த வருகிறவர்கள், ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முடிக்குச் சாயம் போட வரும் பெரியம்மாக்கள், முடியை நேராக்கிக்கொள்ள வரும் ஆபீஸ் பெண்கள் என்று ஆள் இருந்துகொண்டே இருக்கும். கூட வேலை பார்க்கும் விஜி வாய் ஓயாமல் பேசுவாள். அவளும் போய், ஷட்டரை இறக்கிய பிறகுதான் வீடு பெரிதாகும். அதிலும் செவ்வாய்க்கிழமைகளை யூனிஸால் தாங்கவே முடியவில்லை. அன்று சலூனுக்கு விடுமுறை. முன்பெல்லாம் கிளிஃபர்ட் செவ்வாயன்று மத்தியானமே ஏதாவது சாக்குச் சொல்லி வந்துவிடுவார். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மனிதக் குரல் இருக்காது. அவளும் நாயும் ஆளுக்கொரு அறையில் இருப்பார்கள்.

அதனால்தான், லிங்கராஜபுரம் தாண்டி இருந்த ஒரு பெண்கள் இல்லத்துக்கு முடிவெட்ட ஆள் வேண்டும் என்று சர்ச்சில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கினாள். ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் கண்டெடுக்கப்பட்ட, மனம் கலங்கிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் வைத்துப் பராமரித்த இடம் அது. பேன் தொல்லைக்கு அஞ்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. யூனிஸ் போன முதல் நாளே ஒரு நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டு, கண்ணாடியை மரத்தில் சாய்த்து வைத்து, "உங்களுக்கு எப்படி வேணும்?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி வெகுநேரம் யோசித்து, "நடிகை மாதிரி" என்றாள். அவளுக்கு நெற்றியில் கொஞ்சம் முடி விழுகிற மாதிரி வெட்டிவிட்டாள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட அன்னா சிஸ்டர் அதைப் பார்த்துக் கைதட்டினார்.

சந்திரம்மா மட்டும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வரவில்லை.

அறுபது வயது இருக்கலாம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து போலீஸ் கொண்டுவந்து விட்ட பெண். வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை, பெயர்கூட இல்லத்தில் வைத்ததுதான். முடி சிக்கு விழுந்து, கட்டியாகி, பிடரியில் ஒரு மூட்டை போலத் தொங்கியது. யாராவது தலையைத் தொட வந்தால் கையைக் கடிப்பாள். அம்மன் சடை, தொட்டால் குற்றம் என்று மற்றப் பெண்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"புண்ணு வெச்சிருக்கும் யூனிஸ், வாடை வருது" என்றார் அன்னா சிஸ்டர். "நாலு பேரு கெட்டியா பிடிச்சுக்கறோம். நீ மெஷின் போட்டு எடுத்திடு."

"பிடிச்சு வெச்சு வெட்டறதா இருந்தா நான் வரல சிஸ்டர்."

"வேற என்ன வழி சொல்லு?"

யூனிஸுக்கு வழி தெரியவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வேலை முடிந்ததும் சந்திரம்மாவின் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தேங்காய் பிஸ்கட் நீட்டுவாள். சந்திரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்து போனபின் பிஸ்கட் மறைந்திருக்கும். மாதக்கணக்கில் இதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி செவ்வாயை ஒட்டி வந்தது. யூனிஸ் வெளியே போகும் நாட்களில் ரம்மிக்குச் சோறு வைக்கும் விஜி கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள். காலையிலேயே சந்தில் சரவெடி ஆரம்பித்தது. ரம்மி குளியலறைக்குள் ஓடி, வாளிக்குப் பின்னால் ஒண்டி, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நின்றது. கிளிஃபர்ட் இருந்தவரை தீபாவளிக்கு லீவு போட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யூனிஸ் தூக்கப் போனாள். அது பல்லைக் காட்டவில்லை, ஆனால் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. சங்கிலியைப் போட்டு ஆட்டோவில் ஏற்றினாள். டிரைவர் கன்னடத்தில் முனகினார், பிறகு நாய் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "பாவ, கூத்கொள்ளி" என்று உட்காரச் சொல்லி வண்டியை எடுத்தார்.

இல்லத்தின் கேட்டைத் தாண்டியதும் வெளியே எங்கோ ஒரு அணுகுண்டு வெடித்தது. ரம்மி சங்கிலியை உருவிக்கொண்டு பாய்ந்தது. வராந்தாவில் ஏறி, பெண்கள் அலறி விலக, நீளமான கூடத்தின் கடைசிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அது சந்திரம்மாவின் கட்டில்.

யூனிஸ் மூச்சிரைக்க ஓடினாள். நாயை அடிப்பாளோ, கடித்துவிடுவாளோ, யார் யாரைக் கடிப்பார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

சந்திரம்மா கட்டிலிலிருந்து இறங்கினாள். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமென்டில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அப்புறம் கையை உள்ளே நீட்டினாள்.

"ஒண்ணும் இல்லடா. வெடி. வெடிதான் அது. இங்க வராது. நான் கீறேன் இல்ல? வா, வா சாமி."

அன்னா சிஸ்டர் யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். சந்திரம்மாவின் குரலை அந்தக் கூடத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கரகரத்து, ஆனால் தாலாட்டுப் போல ஒரே சீராக அது போய்க்கொண்டிருந்தது. அடுத்த வெடிக்கு ரம்மி வெளியே வந்தது. வந்த வேகத்தில் அவள் மடியில் ஏறி, முகத்தைப் புடவைக்குள் நுழைத்துக்கொண்டது.

மத்தியானம் வரை இருவரும் நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோது சந்திரம்மா சாம்பார் படாத சோறாகப் பார்த்து நாய்க்கு ஊட்டினாள். யூனிஸ் மற்றவர்களுக்கெல்லாம் முடிவெட்டிவிட்டுக் கத்திரியும் கையுமாகப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் பேரு ரம்மி."

"உன்னுதா?"

"எங்க வீட்டுக்காரரோடது. அவர் இல்ல இப்போ."

சந்திரம்மா நாயின் மடிந்த காதை நீவிக்கொண்டே இருந்தாள். யூனிஸ் மெல்லக் கேட்டாள். "தலைல வலிக்குதா? கொஞ்சம் பாக்கட்டுமா? அவன் மடியிலயே இருக்கட்டும்."

சந்திரம்மாவின் தலை கொஞ்சம் குனிந்தது.

தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊற்றி, கத்திரி நுனியால் ஒவ்வொரு இழையாக விடுவித்தாள் யூனிஸ். உள்ளே அன்னா சிஸ்டர் சொன்னபடியே புண் இருந்தது. வலிக்கும் இடத்தில் சந்திரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல" என்று நாயிடம் சொல்லுவாள். முடியின் மூட்டை கீழே விழுந்தபோது, பிளாட்பாரத்துத் தூசியும் ஏதோ ஒரு மஞ்சள் ரிப்பனின் துணுக்கும் அதில் இருந்தன. அன்னா சிஸ்டர் புண்ணுக்கு மருந்து போட்டு, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது யூனிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளிஃபர்டிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. "பாத்தியாடா, நீ எவ்ளோ பெரிய வேலை பண்ணிட்ட!" என்று நாயின் முதுகில் கை வைத்தாள். ரம்மி சீட்டின் பின்பக்கம் முன்னங்காலை ஊன்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் இருவரும் சேர்ந்தே போனார்கள். சந்திரம்மா கேட்டுக்கே வந்து நிற்பாள். ஆட்டோ திரும்பும்போதே ரம்மி ஊளையிடும், வாலடித்து டிரைவரின் சீட்டைத் தட்டும். அவள் அதனிடம் மட்டுமல்லாமல், அதைப் பற்றி மற்றவர்களிடமும் பேசத் தொடங்கினாள். சங்கிலிகூட இல்லாமல் அது அவள் பின்னால் கிணற்றடிக்கும் சமையல்கட்டுக்கும் போயிற்று. திரும்பக் கூப்பிட்டால் வராது. யூனிஸ் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

ஒரு தடவை அப்படி இழுக்கும்போது, "ஏன் இழுக்கிற? கழுத்து நோவும் அதுக்கு" என்றாள் சந்திரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் யூனிஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷம் சோறு போட்டவள் நான், தடுப்பூசிக்கு அலைந்தவள் நான் என்று ஆட்டோவில் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தாள். தடுப்பூசிக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் கிளிஃபர்ட்தான் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு நினைவுக்கு வந்தது.

அடுத்த செவ்வாய் அவள் நாயை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போனாள்.

சந்திரம்மா கேட்டில் நின்றிருந்தாள். ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தாள். சீட்டுக்கு அடியிலும் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லியா அதுக்கு?"

"இல்ல. வீட்ல இருக்கான்."

சந்திரம்மா கேட்டை ஒட்டிய கல்லில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை. மரத்தடியில் யாருக்கோ பின்னலை அளந்து வெட்டிக்கொண்டிருந்த யூனிஸின் கை தடுமாறி, ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது. அப்படியொரு தவறு அவள் கையில் நேர்ந்து வெகுகாலம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தாள். வாசலில் பக்கத்து வீட்டு வீணா நின்றிருந்தாள். "ஆன்ட்டி, ரம்மிக்கு என்ன ஆச்சு? நீங்க போனதுல இருந்து கதவைப் பிறாண்டிக்கிட்டே இருக்கான். அழுவுற மாதிரி சத்தம்."

கதவின் உள்பக்கம் பெயின்ட் உரிந்து கிடந்தது. ரம்மி அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே ஓடி, கேட்டில் மூக்கை வைத்துத் தெருவைப் பார்த்தது. ஸ்கூட்டர் வரும் நேரம் அது இல்லை. கிளிஃபர்டுக்காகக் காத்திருக்கவில்லை என்று யூனிஸுக்கு விளங்கியது.

பிறகு வந்த வாரம் அன்னா சிஸ்டரே ரம்மியைப் பற்றிப் பேச்செடுத்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"யூனிஸ், தப்பா நினைக்காதே. ரம்மியை இங்க விட்டா என்ன? காம்பவுண்டு பெருசா இருக்கு. சந்திரம்மா பாத்துக்குவா. அவன் வர்ற அன்னிக்குத்தான் அவ சாப்பிடறா, குளிக்கறா. மத்த நாளெல்லாம் செவ்வாய் எப்போ, செவ்வாய் எப்போன்னு கேட்டு உயிரை எடுக்கறா."

"அவன் எங்க வீட்டுக்காரரோட நாய் சிஸ்டர்." குரல் உயர்ந்ததை அவளே உணர்ந்தாள். "எனக்கு வேற யாரு இருக்கா? அவனையும் கேக்கறீங்களே!"

அன்னா சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு, "கேட்டது தப்பு. விட்டுடு" என்றார்.

அதன் பிறகு சில நாட்கள் மழை விடாமல் பெய்தது. சலூனுக்கு ஆள் வரவில்லை. விஜியைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு, யூனிஸ் டீ போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ரம்மி கிளிஃபர்டின் கட்டிலுக்கு அருகில், கால்மிதி மேல் படுத்திருந்தது. அவள் தரையில், அதற்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். சந்திரம்மா செய்ததைப் போலவே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்த்தாள். சிமென்ட் சில்லென்றிருந்தது. மடிந்த காதை நீவிவிட்டாள்.

ரம்மி கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டது. பிறகு எழுந்து, உடம்பை ஒரு தடவை உதறி, ஜன்னலடியில் போய்ப் படுத்தது. வெறுப்போ பயமோ அந்தக் கண்களில் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேல் இடிக்காமல் தள்ளி உட்காருவோமே, அப்படி ஒரு மரியாதைதான் இருந்தது.

யூனிஸ் தரையிலேயே கிடந்தாள். அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. நான் விரட்டினேன், அவன் போகக் கற்றுக்கொண்டான், இனிமேல் இதை மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டாள். தனக்கு ஒரு துணை வேண்டும் என்பதற்காக அவனை இந்த அறையில் வைத்திருப்பது எந்த நியாயம் என்றும் தோன்றியது. கிளிஃபர்ட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். அவர் யோசித்திருக்கவே மாட்டார், நாய்க்கு எது பிடிக்குமோ அதைச் செய்திருப்பார்.

செவ்வாயன்று அவள் ரம்மியின் கால்மிதியையும் தட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். கேட்டில் சந்திரம்மா நின்றாள். பையை அவளிடம் நீட்டி, "இவனுக்கு எலும்பு போடாதீங்க, தொண்டைல மாட்டிக்கும். வெடி போட்டா தனியா விடாதீங்க" என்றாள் யூனிஸ்.

சந்திரம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "இட்டுகினு போவமாட்டியா?"

"இல்ல. இங்கயே இருக்கட்டும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

சந்திரம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகம். அன்னா சிஸ்டர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

அன்று யூனிஸ் சீக்கிரம் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஒருவேளை பின்னால் ஓடி வந்தால் என்ன செய்வது என்று காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. சந்திரம்மா கால்மிதியை உதறிக்கொண்டிருந்தாள். ரம்மி அதன் மறுமுனையைக் கவ்வி இழுத்து விளையாடியது. குட்டியாக இருந்தபோது கிளிஃபர்டிடம் அப்படி விளையாடியதுண்டு.

வீட்டில் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டாள். பிறகு பாதியை எடுத்து வைத்தாள். மறுநாள் விஜி வந்து, "அக்கா, ரம்மி எங்க?" என்று கேட்டாள். யூனிஸ் நடந்ததைச் சொன்னாள். விஜி, "ஐயோ அக்கா, இப்படி ஒண்டியா ஆயிட்டீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு குட்டி வாங்கிக்கலாம், எங்க தெருவுல ஒரு நாய் போட்டிருக்கு."

"வேணாம் விஜி. வாக்ஸ் சூடாயிடுச்சா பாரு" என்றாள் யூனிஸ்.

சொல்லப்போனால் வீட்டில் சத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ரம்மி குரைக்கிற நாயே இல்லை. நகம் தரையில் படும் ஓசை மட்டும்தான் இருந்திருக்கும். அது எவ்வளவு பெரிய ஓசை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் வழக்கம்போலப் போனாள். ஆட்டோ நின்றதும் ரம்மி கேட்டுக்கு வரும். அவள் கையை மோந்து, தெரிந்த விருந்தாளிக்கு ஆட்டுவதுபோல வாலை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போகும். சதை போட்டிருந்தது. முடி மினுமினுத்தது.

ஒரு செவ்வாய் வேலையெல்லாம் முடிந்து மரத்தடி நாற்காலியில் யூனிஸ் கால் வலிக்க உட்கார்ந்திருந்தபோது, சந்திரம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் தலையில் இப்போது கருப்பும் வெள்ளையுமாக முடி தோள்வரை வளர்ந்திருந்தது.

"உன் தலைய யார் வாருவாங்க?"

"நானேதான்."

"எண்ணெயே இல்ல பாரு. எல்லாருக்கும் பண்ற, உனக்குப் பண்ணிக்க மாட்ட." சந்திரம்மா சீப்பை எடுத்துக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்து, விரலால் சிக்கெடுத்து, நுனியிலிருந்து மேலாக வார ஆரம்பித்தாள். தோழமையான, அவசரமில்லாத கை. யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கிளிஃபர்ட் போனபின் அவளை யாரும் இப்படித் தொட்டதில்லை. இது இன்னும் கொஞ்ச நேரம் நீடித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

கிணற்றடிப் பக்கம் ரம்மி எதையோ பார்த்து ஒரு தடவை குரைத்தது.

"என்னடா? பாம்பா? தோ வரேன், தோ வரேன்" என்று சந்திரம்மா சீப்பை யூனிஸின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

யூனிஸ் காத்திருந்தாள். கிணற்றடியிலிருந்து சந்திரம்மாவின் சிரிப்பும், "ஓணானுக்கா இந்தக் கூச்சல்!" என்ற பேச்சும் கேட்டன. திரும்பி வருவாள் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதுகில் பாதி முடி அவிழ்ந்து கிடந்தது. வேப்பம்பூ ஒன்றிரண்டு அதில் உதிர்ந்தன.

அப்புறம் சீப்பை எடுத்து மீதியைத் தானே வாரி, கொண்டை போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடிக்க எழுந்தாள்.